உங்கள் குழலுக்கு எந்தத் தோட்டா?

1,000 கஜம் என்பது 914 மீட்டர். அந்தத் தொலைவில் உள்ள இலக்கை .308 வின்செஸ்டர் ரைஃபிளால் சுட்டால், 100 கஜத்துக்குச் சரிபார்த்து வைத்த குறிக்கோட்டிலிருந்து குண்டு ஏறத்தாழ பத்து மீட்டர் கீழே இறங்கிவிடும். கேட்பவர் மலைத்துப்போகலாம். போட்டிக்காரர்கள் இதற்காகக் கவலைப்படுவதே இல்லை. தூரமும் வேகமும் தெரிந்த கணக்கு. ஸ்கோப்பின் திருகை அதற்குத் தக்கபடி ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது. அவர்கள் தூக்கத்தைக் கெடுப்பது பக்கவாட்டுக் காற்று. மணிக்கு 16 கிலோமீட்டர் காற்று அதே குண்டை இரண்டரை மீட்டர் தள்ளிவிடும். விசை அழுத்தும் நொடியில் அந்தக் காற்று 16-ஆ, 13-ஆ என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. அந்த மூன்று கிலோமீட்டர் பிசகுக்கே குண்டு அரை மீட்டர் விலகும். ஸ்கோப்பும் தாங்கியும் வைத்துச் சுடும் எஃப்-கிளாஸ் போட்டியில், பத்துப் புள்ளி தரும் 1,000 கஜத்துப் பத்து வளையத்தின் அகலமோ 25 சென்டிமீட்டர்தான்.

நெடுந்தொலைவுக்குத் தோட்டா தேர்ந்தெடுப்பது என்றால், காற்று நம்மை ஏமாற்றும் அளவைக் குறைப்பதும், தோட்டாவே நம்மை ஏமாற்றாமல் பார்த்துக்கொள்வதும்தான். இதைக் கற்றுக்கொண்டால் பிழைப்புக்கு வழி உண்டு. பதக்கம் வெல்லும் வீரர்கள் சிலரே. அவர்களைச் சுற்றிப் பயிற்சியாளர், துப்பாக்கியைப் பராமரிக்கும் ஆர்மரர், காற்றைப் படித்துச் சொல்லும் அணிப் பயிற்றுநர், தோட்டாவைச் சோதித்து வாங்கிக் கணக்கு வைப்பவர், சுடுதள அலுவலர், நடுவர் என்று பலர் வேலை செய்கிறார்கள். இந்த வேலைகளில் எதற்குப் போனாலும் தோட்டாவைப் பற்றி ஆதாரத்தோடு பேசத் தெரிந்தவருக்கு மதிப்பு கூடும்.

ஆதாரம் என்ற சொல்லை வேண்டுமென்றே சொல்கிறேன். இந்தத் துறையில் கருத்துக்குப் பஞ்சமே இல்லை. எழுதிவைத்த எண்களுக்குத்தான் பஞ்சம்.

வாங்கும் முன் விதிப்புத்தகம்

புதிதாக வருபவர் பலர் தோட்டாவில் தொடங்கிப் போட்டிக்குப் போகப் பார்க்கிறார்கள். வழி அதற்கு எதிர்த்திசையில் இருக்கிறது. எந்தப் போட்டி என்று முடிவானதுமே பாதிக் கேள்விகள் தீர்ந்துவிடும்.

இங்கிலாந்தின் பிஸ்லி சுடுதளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அரசரின் பெயரால் வழங்கும் பரிசுக்கான போட்டி 1860இல் விம்பிள்டன் பொதுவெளியில் தொடங்கியது. முதல் குண்டைச் சுட்டவர் விக்டோரியா அரசி. 1890இல் போட்டி பிஸ்லிக்கு இடம்பெயர்ந்தது. இறுதிச் சுற்று இன்றும் 900, 1,000 கஜங்களில்தான். அங்கே டார்கெட் ரைஃபிள் பிரிவுக்கு .308 அளவில் 155 கிரெயின் எடையை ஒட்டிய குண்டுதான். போட்டியை நடத்துபவர்களே ஒரே வகைத் தோட்டாவை எல்லாருக்கும் வழங்கும் மரபும் அங்கே நெடுங்காலமாக உண்டு. உங்களிடம் எவ்வளவு அருமையான தோட்டா இருந்தாலும் அது வீட்டிலேயே இருக்கட்டும். அங்கு வெல்பவர் கையில் கிடைத்த தோட்டாவைத் தம் குழலுக்குப் பழக்கியவர். 1930இல் அந்தப் பரிசை வென்ற முதல் பெண் மார்ஜரி ஃபாஸ்டர். பெரிய தோட்டாவும் பெரிய தோளும் இருந்தால்தான் நெடுந்தொலைவு கைகூடும் என்று இன்னமும் நம்புகிறவர்களுக்கு அவர் பெயரைச் சொல்லலாம்.

எஃப்-கிளாஸ் வேறு விதம். கனடாவின் ஜார்ஜ் ஃபார்க்கார்சன் தொடங்கிவைத்த பிரிவு இது. பெயரின் முதலெழுத்தும் அவருடையதே. வயது ஏறிக் கண்ணும் தோளும் ஒத்துழைக்காத பழைய வீரர்கள் ஸ்கோப்பும் தாங்கியும் வைத்துத் தொடர்ந்து சுடட்டும் என்பது நோக்கம். அதில் எஃப்-டிஆர் பிரிவில் .223, .308 என்ற இரண்டு தோட்டாக்களுக்கு மட்டுமே இடம். எஃப்-ஓபன் பிரிவில் 8 மில்லிமீட்டர் விட்டம் வரை எதுவும் சரி. தடைகளைத் தாண்டிப் பல நிலைகளிலிருந்து சுடும் அமெரிக்கப் பிஆர்எஸ் தொடரிலோ, குண்டின் வேகம் வினாடிக்கு 3,200 அடியைத் தாண்டக் கூடாது. இரும்புத் தகடுகளையும் மனிதர்களையும் காக்கும் விதி அது.

ஒலிம்பிக் ரைஃபிள் போட்டி 50 மீட்டரில் .22 லாங் ரைஃபிள் என்ற ஒரே தோட்டாவோடு நின்றுவிடுகிறது. உலக சாம்பியன்ஷிப்பில் 300 மீட்டர் பிரிவும் உண்டு. அதில் 6 மி.மீ. பிஆர் நோர்மா என்ற குட்டையான, பருத்த கூடுள்ள தோட்டாவைப் பலர் விரும்புகிறார்கள். உதைப்பு குறைவு, குண்டுகள் நெருக்கமாக விழும். 300 மீட்டரில் பத்து வளையம் 10 சென்டிமீட்டர். அதற்கு மருந்து மிகுந்த மாக்னம் தோட்டா எதற்கு? 300 மீட்டரோடு நிற்பவர் இந்தக் கட்டுரையின் அடுத்த பகுதியைத் தாண்டிப் போகலாம்.

ஒலியைக் கடக்கும் இடம்

தோட்டா என்பது பித்தளைக் கூடு, அடியில் பிரைமர், உள்ளே மருந்து, முனையில் குண்டு. கடைக்காரர் பேசுவதெல்லாம் கூட்டின் பெயரையும் மருந்தின் பலத்தையும் பற்றி. 1,000 கஜத்தில் பேசுவது குண்டு மட்டுமே. அது காற்றை எவ்வளவு சுலபமாகக் கிழித்துப் போகிறது என்பதை ஓர் எண்ணாகச் சொல்வார்கள்: பாலிஸ்டிக் கோஎஃபிஷியன்ட். எண் கூடினால் வேகம் மெதுவாகக் குறையும், காற்றின் தள்ளல் குறையும். இதை ஜி1, ஜி7 என்று இரண்டு அளவுகோல்களில் தருகிறார்கள். ஒரே குண்டுக்கு இரண்டிலும் வெவ்வேறு எண் வரும். ஒன்றின் ஜி1-ஐ இன்னொன்றின் ஜி7-ஓடு ஒப்பிட்டு முடிவெடுப்பது வேலைக்குப் புதியவர்கள் தவறாமல் செய்யும் பிழை. நீண்டு மெலிந்த இன்றைய குண்டுகளுக்கு ஜி7தான் பொருத்தம். நிறுவனங்கள் அச்சிடும் எண்ணைச் சுட்டு அளந்து சரிபார்க்கும் பழக்கத்தைப் பரவலாக்கியவர்களில் அமெரிக்கரான பிரையன் லிட்ஸ் முக்கியமானவர். நெடுந்தொலைவுப் பறப்பியல் பற்றி அவர் 2009இல் வெளியிட்ட நூல் இந்தத் தொழிலில் இருப்பவர்களின் அலமாரிகளில் இருக்கும்.

சியரா நிறுவனத்தின் 168 கிரெயின் மேட்ச்கிங் குண்டின் கதை இங்கே பாடமாகும். 300 மீட்டர் சர்வதேசப் போட்டிக்காக உருவான குண்டு அது. அந்தத் தொலைவில் அற்புதம், 600 கஜம் வரையிலும் நம்பகம். அந்தப் பெயரை நம்பி 1,000 கஜத்துக்கு எடுத்துப் போனவர்களுக்கு இலக்கில் குண்டு பக்கவாட்டில் படுத்த நிலையில் குத்திய நீள்துளை கிடைத்தது. சிலருக்குக் குண்டு தாளிலேயே விழவில்லை. .308இல் அது 1,000 கஜத்தை நெருங்கும்போது வேகம் ஒலியின் வேகத்துக்கு, அதாவது வினாடிக்குச் சுமார் 340 மீட்டருக்கு, இறங்கிவருகிறது. அந்த எல்லையில் குண்டைச் சுற்றியுள்ள காற்றோட்டம் குலைகிறது. அதன் அடிப்பகுதி செங்குத்தாகச் சரிந்த வடிவம் என்பதால் அந்தக் குலைவைத் தாங்குவதில்லை. அதே நிறுவனத்தின் 175 கிரெயின் குண்டின் அடிச்சரிவு மென்மையானது. தொலைவுக்கு அது நிற்கிறது. இரண்டும் ஒரே துப்பாக்கியில், ஒரே கூட்டில் போகின்றன. வெறும் ஏழு கிரெயின் வித்தியாசம் என்று பெட்டியைப் பார்த்துச் சொல்பவருக்கு இந்த உண்மை தெரியவே வராது.

எனவே முதலில் கேட்க வேண்டியது: நான் சுடும் தொலைவின் கடைசியில் என் குண்டு ஒலியைவிட வேகமாக இருக்கிறதா? எவ்வளவு மிச்சத்தோடு? குளிர்ந்த, அடர்ந்த காற்றுள்ள காலையில் அந்த மிச்சம் இன்னும் சுருங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீண்ட குண்டு வேண்டும் என்று முடிவானால் குழலைப் பார்க்க வேண்டும். குழலுக்குள் வெட்டிய புரி குண்டைச் சுழற்றி அனுப்புகிறது. நெட்டையான பம்பரம் நிமிர்ந்து நிற்கக் கூடுதல் சுழற்சி கேட்பதுபோல நீண்ட குண்டுக்கு நெருக்கமான புரி வேண்டும். 6.5 மி.மீ. போட்டிக் குழல்களில் எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பது வழக்கம். பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒரு சுற்றுள்ள பழைய .308 குழலில் மிக நீண்ட குண்டுகளைப் போட்டால் அவை நிலைகொள்ளாமல் தடுமாறும். புரி அளவைத் தெரிந்துகொள்ளாமல் குண்டு வாங்கச் சொல்லும் மேலாளரிடம் மரியாதையாக ஒரு நாள் அவகாசம் கேளுங்கள்.

கிரீட்மோர் ஏன் ஜெயித்தது

1873இல் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் கிரீட்மோர் சுடுதளம் திறந்தது. அடுத்த ஆண்டே அயர்லாந்து அணி அங்கே வந்து 800, 900, 1,000 கஜங்களில் அமெரிக்கரோடு மோதியது. அமெரிக்கர் 934, அயர்லாந்தார் 931. மூன்றே புள்ளி. அந்தப் பெயரைச் சுமந்து 2007இல் ஹார்னடி நிறுவனம் கொண்டுவந்ததுதான் 6.5 கிரீட்மோர்.

அது உலகின் வேகமான 6.5 தோட்டா அல்ல. 1997இலேயே .260 ரெமிங்டன் வந்துவிட்டது. குண்டின் விட்டமும் ஒன்றே, வேகமும் ஏறக்குறைய ஒன்றே. அப்படியிருந்தும் போட்டிக்களத்தைக் கைப்பற்றியது கிரீட்மோர். கூட்டைச் சற்றே குட்டையாக்கி, நீண்ட குண்டு சாதாரண மேகசினுக்குள் இடைஞ்சலின்றி அமர இடம் விட்டார்கள். அதைவிட முக்கியம், போட்டித் தரத் தோட்டாவைத் தொழிற்சாலையிலேயே நிரப்பி விற்றார்கள். என்ன மருந்து, எவ்வளவு என்று பெட்டியின் மேலேயே அச்சிட்டார்கள். கையால் நிரப்பத் தெரியாதவரும் கடையில் வாங்கிப் போட்டிக்கு வர முடிந்தது. 140 கிரெயின் குண்டோடு, அதே 16 கிலோமீட்டர் காற்றில் 1,000 கஜத்தில் அதன் விலகல் இரண்டு மீட்டருக்குள் நிற்கிறது; .308-க்கு இரண்டரை. உதைப்பும் குறைவு. சுட்டதும் குண்டு எங்கே விழுந்தது என்பதை ஸ்கோப் வழியாகத் தானே பார்க்கலாம். அடுத்த குண்டுக்கான திருத்தம் அங்கேயே கிடைத்துவிடுகிறது.

ஒரு தோட்டாவைச் சிபாரிசு செய்யும் பொறுப்பு உங்களிடம் வந்தால் இந்த வரலாற்றை நினையுங்கள். பறப்பியல் எண்ணில் ஐந்து விழுக்காடு கூடுதலாக இருப்பதைவிட, அடுத்த ஆண்டும் அதே தரத்தில் கடையில் கிடைக்குமா என்பது பெரிய கேள்வி. இதற்கு எதிரான உதாரணமும் உண்டு. 1963இல் வேட்டைக்காக வந்த .284 வின்செஸ்டர் சந்தையில் எடுபடவில்லை. பல ஆண்டுகள் கழித்து எஃப்-ஓபன் வீரர்கள் அதில் 180 கிரெயினை ஒட்டிய 7 மி.மீ. குண்டுகளைப் பொருத்திச் சிகரத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆனால் அவர்கள் கூடு தேடி, நிரப்பி, சோதித்து, மாதக்கணக்கில் உழைக்கத் தயாரானவர்கள். உங்கள் அணிக்கு அந்த நேரமும் ஆளும் உண்டா என்று பார்த்துவிட்டு அந்தப் பாதையில் இறங்குங்கள்.

வேகம் அல்ல, சீர்

இரண்டு தோட்டாக்கள். ஒன்று வினாடிக்கு 20 மீட்டர் கூடுதல் வேகம், ஆனால் சுட்டுக்குச் சுட்டு வேகம் மாறுகிறது. மற்றது மெதுவானது, ஆனால் ஒவ்வொரு சுட்டும் ஒரே வேகம். தொலைவுக்கு இரண்டாவதையே எடுப்பேன், யோசிக்கவே மாட்டேன். .308இல் குழல்வாய் வேகம் வினாடிக்கு 3 மீட்டர் மாறினால் 1,000 கஜத்தில் மேலும் கீழுமாக 8 சென்டிமீட்டர் வித்தியாசம். 12 மீட்டர் மாறினால் பத்து வளையம் முழுவதையும் விழுங்கிவிடும். அதுவும் காற்றின் பங்கு இல்லாமலே. 100 மீட்டரில் இந்தக் குறை கண்ணுக்கே தெரியாது. அங்கே குண்டுகள் ஒரே துளையில் போவதைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு, பிறகு 1,000 கஜத்தில் குண்டுகள் செங்குத்தாகச் சிதறுவதைக் கண்டு காற்றைப் பழிப்பவர்கள் உண்டு. காற்று பக்கவாட்டில் தள்ளும். சிதறல் மேலும் கீழுமாக இருந்தால் பெரும்பாலும் தோட்டாவையோ சுடுபவரின் மூச்சையோ சந்தேகிக்க வேண்டும்.

ஆகவே குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் இல்லாமல் தேர்வு இல்லை. எத்தனை சுட வேண்டும்? மூன்று குண்டு சுட்டு, நெருக்கமாக விழுந்த தாளைப் படம்பிடித்துக் காட்டுவது இந்தத் துறையின் தீராத வியாதி. மூன்று குண்டு தற்செயலாலும் ஒட்டி விழும். இருபது, முப்பது சுட்டு, அதையும் இரண்டு வேறு நாட்களில் சுட்டுப் பார்த்தால்தான் அந்தத் தோட்டாவின் உண்மைச் சிதறல் தெரியும். அதற்குத் தோட்டா செலவாகும் என்று முணுமுணுப்பார்கள். தவறான தோட்டாவில் ஓர் ஆண்டு முழுக்கப் பயிற்சி எடுப்பதன் செலவை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

வெப்பமும் வேகத்தை மாற்றும். மருந்தில் பல வகைகள் சூடேறினால் அழுத்தம் கூடி வேகமும் கூடும். வெயிலில் பெட்டியைத் திறந்து வைப்பது, சூடான குழலறைக்குள் தோட்டாவை ஏற்றிவிட்டுக் காற்றுக்காகக் காத்திருப்பது, இரண்டுமே குண்டை மேலே ஏற்றிவிடும். நிழல், மூடிய பெட்டி, சுடப்போகும் நேரத்தில் மட்டும் ஏற்றுவது. சுடுதளத்தில் உதவியாளராகச் சேரும் இளைஞரிடம் முதல் வாரத்தில் எதிர்பார்ப்பது இவ்வளவுதான். பலர் இதிலேயே சறுக்குகிறார்கள்.

இந்தியாவில் வாய்ப்பு .22-இல்

7.62 மி.மீ. போன்ற ராணுவத் தோட்டாக்களைச் சுடும் ரைஃபிள்கள் இந்தியாவில் சாதாரண உரிமத்தில் கிடைப்பவை அல்ல. 300 மீட்டர் போட்டிகளில் ராணுவம், துணை ராணுவம், காவல் அணிகளின் ஆட்சி நடப்பதற்கு இதுவும் காரணம். ராணுவத்தில் சேர்ந்து மத்தியப் பிரதேசத்து மோவில் உள்ள ராணுவக் குறிசுடும் பிரிவுக்குத் தேர்வாவது அந்தத் தொலைவுக்கு நேர்வழி. மற்றவர்களுக்கு 10 மீட்டர் ஏர் ரைஃபிளும் 50 மீட்டர் .22-உம்தான் களம். இதைக் குறையாக நினைக்க வேண்டாம். தோட்டாத் தேர்வின் நுட்பம் மிகக் கூர்மையாக இருப்பதே .22-இல்தான்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். விளையாட்டு ஒதுக்கீட்டு வேலையும் சர்வதேசப் பதக்கமும் எப்படி ஒன்றாகப் போகும் என்பதற்கு அவரைவிட நல்ல உதாரணம் இல்லை. அதே பிரிவின் பெண்கள் போட்டியில் சிஃப்ட் கௌர் சம்ரா 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 469.6 புள்ளியோடு உலக சாதனை படைத்துத் தங்கம் வென்றார். 469.6 என்பதில் அந்த .6 எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். இறுதிச் சுற்றில் ஒவ்வொரு சுட்டும் 10.9 வரை தசமத்தில் கணக்கிடப்படும். 50 மீட்டர் இலக்கில் 0.1 புள்ளி என்பது மையத்திலிருந்து 0.8 மில்லிமீட்டர். பத்து வளையமே 10.4 மி.மீ. விட்டம். இந்த அளவுகளில் தோட்டாவின் குணம் பதக்கத்தின் நிறத்தை மாற்றிவிடும்.

.22 போட்டித் தோட்டாவை உலகில் சில நிறுவனங்களே உயர்தரத்தில் செய்கின்றன. லாபுவா, இங்கிலாந்தின் ஈலி, ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.எஸ். ஆகியவை முன்வரிசை. குண்டு 40 கிரெயின், ஈயம்; மேலே மெழுகு போன்ற பூச்சு. வேகம் வேண்டுமென்றே ஒலிக்குக் கீழே, வினாடிக்கு 320 முதல் 330 மீட்டர் வரை வைக்கப்படும். ஒலி எல்லைக் குலைவை அது ஒருபோதும் சந்திக்காதபடி செய்யும் ஏற்பாடு அது. இதே .22-இல் அதிவேகத் தோட்டாவும் விற்கிறது. போட்டிக்கு அதைத் தொடாதீர்கள்.

ஒரே நிறுவனம், ஒரே பெயர், ஒரே விலை என்றாலும், உற்பத்தித் தொகுதி மாறினால் உங்கள் குழலில் முடிவு மாறும். அதனால்தான் ஒவ்வொரு பெட்டியிலும் லாட் எண் அச்சாகியிருக்கிறது. உங்கள் ரைஃபிளில் அற்புதமாக விழும் லாட் உங்கள் தோழியின் ரைஃபிளில் சாதாரணமாக விழலாம். இரண்டும் ஒரே தயாரிப்பு, ஒரே மாடலாக இருந்தாலும். எந்த லாட் எந்தக் குழலுக்கு ஒத்துப்போகும் என்று கணக்குப் போட்டு முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. சுட்டுத்தான் பார்க்க வேண்டும். இதற்காகவே ஈலி இங்கிலாந்திலும் லாபுவா ஜெர்மனியின் ஷோனபெக்கிலும் சோதனைக் கூடங்கள் வைத்திருக்கின்றன. ரைஃபிளின் கட்டையைக் கழற்றி, குழலையும் பூட்டையும் இரும்புப் பிடியில் இறுக்கி, காற்றில்லாத உள்தளத்தில் லாட்டுக்குப் பத்துப் பத்தாகச் சுட்டு, மின்னணு இலக்கில் சிதறலை அளப்பார்கள். நல்லவை இரண்டு மூன்றைத் தேர்ந்து மீண்டும் நாற்பது சுடுவார்கள். பத்துக் குண்டுகளின் வெளி விளிம்பு அளவு 50 மீட்டரில் 15 மில்லிமீட்டருக்குள் தொடர்ந்து நின்றால் அந்த லாட்டை விடாதீர்கள். அந்த இடத்திலேயே பருவம் முழுவதுக்கும் தேவையானதை ஒதுக்கச் சொல்லி வாங்குவது வழக்கம். ஒரு பெட்டி 50, ஒரு கட்டு 500, ஒரு பேழை 5,000.

அங்கே போக முடியாதவர்கள் இங்கேயே செய்யலாம். காலை காற்றடங்கிய நேரம், பிடி அல்லது உறுதியான தாங்கி, கையில் கிடைக்கும் நான்கைந்து லாட்டுகள். ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது குழலுக்குள் பழைய பூச்சு போய்ப் புதியது படியும் வரை சில சுட்டுகளை எண்ணிக்கையில் சேர்க்காமல் விடுங்கள். இதைத் தெரியாமல் முதல் பத்தை அளந்து நல்ல லாட்டைத் தள்ளிவிட்டவர்கள் ஏராளம்.

பள்ளிப் பருவத்தில் ஏர் ரைஃபிளில் தொடங்குபவருக்கும் இதே பாடம் சிறிய அளவில் உண்டு. பெல்லட் டப்பாவில் 4.49, 4.50, 4.51 என்று தலை விட்டம் குறித்திருப்பார்கள். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வித்தியாசம். குழலுக்குக் குழல் பிடித்தது வேறு. கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் இந்தியாவுக்காக உலகக் கோப்பைத் தங்கங்கள் வென்றது இந்த 10 மீட்டர் ரைஃபிளில்தான். சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டனில் வெண்கலம் வென்றதும் இதில்தான். உங்கள் ஊர் சங்கத்தில் மூன்று டப்பாக்களை வாங்கி, ஒவ்வொன்றிலும் முப்பது சுட்டு, தாள்களில் தேதியும் டப்பா எண்ணும் எழுதி வையுங்கள். இந்தத் தொழிலின் அடிப்படை வேலையை அன்றே செய்துவிட்டீர்கள்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1959 ஆயுதச் சட்டமும் 2016 ஆயுத விதிகளும் போட்டி வீரர்களுக்குத் தனி வகைகளையும் தோட்டா வரம்புகளையும் வைத்துள்ளன. தேசிய ரைஃபிள் சங்கத்தின் தகுதிச் சான்றைப் பொறுத்து உங்கள் வரம்பு மாறும். வாங்கியதும் சுட்டதும் பதிவேட்டில் ஏற வேண்டும். தோட்டாவைக் கையால் நிரப்புவதை இங்கே தயாரிப்பாகவே சட்டம் பார்க்கிறது. வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து அந்தப் பக்கம் போகாதீர்கள். நண்பருக்கு ஒரு பெட்டி கடன் கொடுப்பதும் குற்றமாகலாம். உரிமம் பறிபோனால் விளையாட்டும் வேலையும் சேர்ந்து போகும்.

குழலின் ஆயுளும் ஐந்து கிலோவும்

அணியின் பணத்தைக் கையாளும்போது தோட்டாவின் விலை மட்டும் பார்த்தால் போதாது. ஒவ்வொரு சுட்டும் குழலைச் சிறிது தின்கிறது. அதிக மருந்தைச் சிறிய துளை வழியே தள்ளும் தோட்டாக்கள் வேகமாகத் தின்கின்றன. .308 குழல் 5,000 சுட்டு வரை போட்டித் தரத்தில் நிற்கும் என்று அனுபவசாலிகள் கணக்கிடுகிறார்கள். 6.5 கிரீட்மோர் அதில் பாதி. 6 மி.மீ. கிரீட்மோரும் .300 வின்செஸ்டர் மாக்னமும் 1,500 அளவில் களைத்துவிடும். வாரத்துக்கு 200 சுடும் வீரருக்கு 6 மி.மீ. குழல் இரண்டு மாதம் தாங்காது. மாக்னத்தின் உதைப்பு வேறு. அறுபது சுட்டு முடியும்போது தோள் முன்கூட்டியே சிணுங்கத் தொடங்கும், விசையில் அது தெரியும். .22 குழலோ பல்லாயிரம் சுட்டுக்கு நிற்கும். நெடுந்தொலைவு வீரர்கள் சிலர் பயிற்சிக்கு .22, போட்டிக்குப் பெரியது என்று பிரித்துக்கொள்வது இதனால்தான்.

வெளிநாட்டுப் போட்டி என்றால் இன்னொரு வரம்பு. விமானத்தில் ஒரு பயணி சரக்குப் பெட்டியில் எடுத்துச் செல்லக்கூடிய தோட்டா, பொதி எடையோடு சேர்த்து 5 கிலோதான். விமான நிறுவனத்தின் முன் அனுமதியும் வேண்டும். .308 தோட்டா ஒன்று 25 கிராம் அளவில் இருக்கும்; 5 கிலோவில் இருநூறுகூட வராது. .22 என்றால் ஆயிரத்துக்கு மேல் வரும். பயணத் திட்டம் போடுபவர் இதை மறந்தால், சோதித்துத் தேர்ந்த லாட் ஊரில் கிடக்க, வீரர் அறியாத தோட்டாவோடு களத்தில் நிற்பார். அமைப்பாளர்களுக்கு முன்கூட்டி எழுதி அங்கேயே அதே லாட்டை வரவழைக்க முடியுமா என்று கேட்பது தோட்டாப் பொறுப்பாளரின் வேலை. மூன்று மாதம் முன்பே கேளுங்கள்.

குறிப்பேடு

வேலை தேடும்போது கையில் கொண்டுபோக வேண்டியது இதுதான். துப்பாக்கி, குழலின் சுட்டு எண்ணிக்கை, தோட்டா, லாட் எண், வெப்பநிலை, வேகமும் அதன் மாறுபாடும், சிதறல், காற்று, கடைசியில் இரண்டு வரி முடிவு. அழகான கையெழுத்து தேவையில்லை. விட்டுப்போன நாட்கள் இருக்கக் கூடாது. பயிற்சியாளராக விரும்புவோருக்குச் சர்வதேசச் சுடுதல் கூட்டமைப்பு டி-யில் தொடங்கி ஏ வரை உரிமப் படிப்புகளை நடத்துகிறது. நடுவர்களுக்கும் உரிமம் உண்டு. சான்றிதழை எல்லாரும் நீட்டுவார்கள். இரண்டு ஆண்டுக் குறிப்பேட்டை நீட்டுபவர் சிலரே.

நேர்முகத்தில் எந்தத் தோட்டா சிறந்தது என்று கேட்டால் பெயரைச் சொல்லிவிடாதீர்கள். எந்தப் போட்டி, எந்தக் குழல், எத்தனை சுட்டு ஓடியிருக்கிறது, ஆண்டுக்கு எவ்வளவு தோட்டா கிடைக்கும் என்று திருப்பிக் கேளுங்கள். கேட்பவர் விவரம் தெரிந்தவராக இருந்தால் அங்கேயே முகம் மலர்வார். வேலை கிடைத்த முதல் வாரத்தில் கிடங்கில் உள்ள பெட்டிகளை லாட் வாரியாகப் பிரித்து அடுக்கி, ஒவ்வொரு ரைஃபிளுக்கும் எந்த லாட் சோதிக்கப்பட்டது, எது இன்னும் சோதிக்கப்படவில்லை என்று ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். சரியாக விழாத லாட்டைத் தூக்கி எறிய வேண்டாம். மேலே பட்டை ஒட்டிப் பயிற்சிக்கும் சூடேற்றச் சுட்டுகளுக்கும் ஒதுக்குங்கள். போட்டி லாட்டில் கடைசி 500 மட்டும் மிஞ்சும்போதே அடுத்த சோதனைக்கான தேதியைப் பயிற்சியாளரிடம் வாங்கிவிடுங்கள்.